காலாவதியான விலாசம்

தபால் பிரிக்கும் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த அந்த மனிதரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விலாசம் என்றுதான் கூப்பிட்டார்கள். மழையில் நனைந்து மை கரைந்த உறை, கோழி கிளறினாற்போன்ற கையெழுத்து, தெருப் பெயர் விட்டுப்போன அட்டை, 'பெரிய மரத்துக்கு எதிர்வீடு' என்று மட்டும் எழுதிய பார்சல், எது வந்தாலும் மற்றவர்கள் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு அவர் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உறையைக் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு எதிரே கட்டம் கட்டமாகத் தடுத்திருந்த மர அலமாரியில் ஒரு கட்டத்துக்குள் வீசுவார். தவறியதே இல்லை என்று சொல்லமாட்டேன், யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் அவர் சறுக்கியது கூடத்தில் இல்லை, வீட்டில்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை நிற்கவைத்து அவர் பாடம் நடத்துவது வழக்கம். "யாருக்குப் போகுதுன்னு பாக்கறது வேல. யாருகிட்டேருந்து வருதுன்னு பாக்கறது வம்பு" என்பார். அனுப்புநர் முகவரி எழுதிய மூலைப் பக்கம் அவர் கண் போகவே போகாது, அப்படிப் பழக்கி வைத்திருந்தார். அடுத்து, மோசடிக் கடிதங்களை மோப்பம் பிடிக்கக் கற்றுத்தருவார். 'உடனே', 'கடைசி அறிவிப்பு', 'இல்லையேல் இழப்பீர்கள்' என்று உறையிலேயே அலறினால் அது நூற்றுக்குத் தொண்ணூறு பித்தலாட்டம் என்பது அவர் கணக்கு. கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அடுத்தவன் உறையைப் பிரிக்கிறவன் கைக்கு விலங்கு போடணும் என்பார். மூன்றும் நல்ல பாடங்கள்தான். மூன்றாலும் அவர் குடி கெட்டது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும்.

அவருக்கு ஒரே மகள். அலுவலகக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு, சமையலறை ஜன்னலைத் திறந்தால் பிரிப்புக் கூடத்தின் தகரக் கூரை தெரியும். அந்த ஜன்னலுக்குக் கீழே மேஜை போட்டுத்தான் மகள் கணினிப் படிப்பு படித்தாள். படித்து முடித்துச் சின்னதாக ஒரு வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவைப் பிடித்து இழுத்துவந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"அப்பா, இண்டர்நெட்டுல உங்களுக்குன்னு ஒரு பேர், டொமைன்னு சொல்வாங்க, வாங்கியிருக்கேன். விலாசம்னே கெடச்சிருச்சு! இவ்வளவு நல்ல பேர இன்னும் எவனும் எடுக்காம விட்டிருக்கான் பாருங்க."

"எனக்கெதுக்குமா அதெல்லாம்?"

"வீடு மாறலாம், போன் நம்பர் மாறலாம். இது மாறாது. பத்து வருஷத்துக்குக் கட்டியாச்சு."

அந்தப் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் பெட்டியும் திறந்தாள். பெட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்து, ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்று நான்கே எழுத்தைத் தட்டினாள். "உலகத்துல எத்தன அப்பா வேணா இருக்கட்டும். இந்த விலாசத்துல ஒரே ஒரு அப்பாதான்" என்று அவர் தோளில் தாடையை வைத்துச் சிரித்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை, வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

பெயர் வாங்கிய படிவத்தின் கடைசியில் நிரப்பாமல் விட்டிருந்த ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பெயரைப் பற்றி உரிமையாளருக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமானால் எந்த மின்னஞ்சலுக்கு எழுதுவது? மகள், "இதுக்கு வேற ஒரு மெயில் குடுக்கணும்பா. இதையே குடுக்கக் கூடாது" என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு முகவரி வைத்திருந்தால் கடிதம் அலையும், ஆளும் சரியில்லாதவன் என்பது கூடத்து அனுபவம். "ரெண்டு விலாசம் வச்சிருக்கறவன் யாரு? கடங்காரன் இல்லன்னா திருடன். இதையே போடு" என்றார். மகள் தலையில் அடித்துக்கொண்டு அதையே போட்டாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

மாற்ற நேரம் வாய்க்கவில்லை. அடுத்த வருடம் ஒருநாள், மகள் பெயருக்கு வந்த நீள உறை ஒன்று அவர் கைக்கே வந்தது. தூரதேசத்து நிறுவனம் ஒன்றின் முத்திரை. அவள் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் அன்று ஒருமுறைதான் மூலையைப் பார்த்தார். பார்த்தவர் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுப் பிரித்தார். வேலை கிடைத்திருந்தது. ஒன்பது நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. அதை மீண்டும் ஒட்டி, அலமாரியில் பழைய சீருடைக்கு அடியில் பதினோரு நாள் வைத்திருந்து, பன்னிரண்டாம் நாள் இப்போதுதான் வந்தது போல மேஜையில் வைத்தார். ஒரே பெண், கண்காணாத இடத்துக்குப் போய்விடுவாளே என்ற பயம்தான். ஆனால் வேலி பயிரை மேய்ந்துவிட்டுப் பயம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

உறையைக் கையில் வாங்கிய மகள் தேதி முத்திரையைப் பார்த்தாள். தபால்காரர் மகள் அல்லவா, முத்திரை வாசிக்கத் தெரியும். ஒட்டின பசையையும் பார்த்தாள். "ஊர்ல எவன் லெட்டரையும் பிரிக்காத மனுஷன்" என்று மட்டும் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிடிபட்ட ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைக் கொட்டினார். கடைசியாக, "போ! போனா அப்படியே போ! இனிமே உன் பேருக்கு எது வந்தாலும், அப்படி யாரும் இங்க இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். அப்படி எழுதி ரப்பர் முத்திரை குத்தித் திருப்புவது கூடத்தில் தினமும் நடக்கிற வேலை, வாயில் தயாராக இருந்தது. அவள் அன்று மாலையே போய்விட்டாள்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காவல் நிலையத்தில், வயது வந்த பெண், சொந்த விருப்பத்தில் போயிருக்கிறாள், தேட முடியாது என்றார்கள். இரண்டு வருடத்தில் அவர் ஓய்வு பெற்றார். குடியிருப்பைக் காலிசெய்தார்கள், கூடவே வீட்டுத் தொலைபேசியும் போயிற்று. நகரத்தின் வேறு கோடியில், துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒரு வாடகை வீடு. ஆக, மகளுக்கு அப்பா அம்மாவைப் பிடிக்க உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வழி, அவள் வாங்கிக்கொடுத்த அந்த மின்னஞ்சல்தான்.

அதை அவள் பயன்படுத்தவும் செய்தாள். வருடத்துக்கு ஒன்று. எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்று வந்துவிடும். 'நல்லா இருக்கேன். அம்மாகிட்ட சொல்லுங்க.' முதல் வருடத்துக்கு அவ்வளவுதான். அதற்கு அவர் மூன்று பக்கம் நியாயம் எழுதிப் பதில் போட்டார், அது கிணற்றில் போட்ட கல்லாயிற்று. இரண்டாம் கடிதத்தில் 'பதில் போட வேண்டாம்' என்று இருந்தது. போடவில்லை. நாலாம் வருடம் ஒரு பல் பிடுங்கியதைச் சொல்லியிருந்தாள். ஏழாம் வருடம் பூனை வளர்ப்பதாக எழுதினாள், அதன் பெயரைச் சொல்லவில்லை. எட்டாவது கடிதம்தான் பெரிது, மூன்று வரி. கடைசி வரி, 'அடுத்த தடவை கொஞ்சம் நீளமா எழுதறேன்.'

எட்டுக் கடிதத்தையும் அவர் ஒரு நோட்டில் தன் கையால் எழுதி வைத்திருந்தார், தேதியோடு. அவர் மனைவி அந்த நோட்டைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மகள் போனதிலிருந்து அந்த அம்மாள் கணவனிடம் பேசுவதைச் சுருக்கியிருந்தாள். சாப்பாடு வச்சாச்சு, தண்ணி வரல, மருந்து தீர்ந்துபோச்சு, இப்படித்தான். இதற்கு மேல் தினமும் மாலையில் ஒரு வார்த்தை உண்டு.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

இந்த ஒரு கேள்வி பதிலில்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து வருடம் முடியப்போகிற சமயத்தில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் பெயர் காலாவதியாகப் போகிறது. உடனே புதுப்பிக்கவும். இல்லையேல் இழப்பீர்கள்.' அவர் சிரித்தார். 'டேய், யார்கிட்ட?' என்று சொல்லி அழித்தார். மூன்று வாரம் கழித்து இன்னொன்று வந்தது, அலறல் கூடியிருந்தது. அதையும் அழித்தார். மூன்றாவதாக 'கடைசி அறிவிப்பு' வந்தபோது மனைவியைக் கூப்பிட்டே காட்டினார். "பாத்தியா, எப்படியெல்லாம் ஏமாத்தறானுங்க." அந்த அம்மாள் பார்த்துவிட்டுப் போனாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு போடுவதில்லை.

அடுத்த வாரம் பெட்டி திறக்கவில்லை. கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தார். மகள் விட்டுப்போன பழைய கணினி அது, அடிக்கடி மூச்சு வாங்கும். மூன்று வாரம் கழித்து ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, கணினியில் ஒன்றுமில்லை, பெயர்தான் போய்விட்டது என்றார். பதறியடித்துப் பெயரை விற்ற நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குப் போனால் கடவுச்சொல் கேட்டது. மகள் வைத்த கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. மறந்துவிட்டால் இங்கே அழுத்தவும் என்றிருந்த இடத்தில் அழுத்தினார். 'உங்கள் மின்னஞ்சலுக்குப் புதிய சாவி அனுப்பியிருக்கிறோம்' என்றது. எந்த மின்னஞ்சலுக்கு? அந்தப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே. எத்தனை முறை அழுத்தினாலும் அங்கேயே அனுப்பிற்று. தொலைபேசியில் கூப்பிட்டால், பதிவுசெய்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள் என்று இயந்திரக் குரல் சொன்னது. இப்படி இரண்டரை மாதம் போராடியபின் ஒருநாள் பெயரைத் தட்டிப் பார்த்தார். திரையில் பளபளவென்று ஒரு பலகை. 'இந்தப் பெயர் விற்பனைக்கு.'

மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மாலையில் "வந்துச்சா?" என்றாள். "இன்னும் இல்ல" என்றார். வார்த்தை பழையதுதான், அன்றிலிருந்து அது பொய்.

நூலகத்தில் முதியவர்களுக்கு ஓர் இலவச வகுப்பு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, ஆறு வாரம். 'இணையம்: எப்படிப் பிறந்தது, எப்படி இயங்குகிறது, யார் ஆள்கிறார்கள்.' அறிவிப்புப் பலகையில் கடைசி இரண்டு சொல்லைப் பார்த்துத்தான் அவர் பெயர் கொடுத்தார். ஆள்கிறவர் ஒருவர் இருந்தால் அவரிடம் மனுப் போடலாம். அவருடைய உலகத்தில் கூடத்துக்கு மேலே கண்காணிப்பாளர், அவருக்கு மேலே வட்டார அதிகாரி, அதற்கும் மேலே தலைமையகம் உண்டு. கீழே ஒரு புகார்ப் புத்தகமும் கயிற்றில் கட்டிய பேனாவும் இருக்கும்.

வகுப்பெடுத்தது முப்பது வயதுப் பெண், ஒப்பந்த வேலை, சளி பிடித்த குரல். எட்டுப் பேர் வந்தார்கள். மூன்றாம் வாரத்தில் நாலு பேர்தான் மிஞ்சினார்கள், அதில் ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர். நம் ஆள் மட்டும் முன்வரிசை, கையில் நோட்டு. அவர் அளவுக்கு அந்த வகுப்பில் யாருக்கும் புரியவில்லை. புரியாமல் எப்படி இருக்கும்? கடிதத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் முகவரியும் வரிசை எண்ணும் எழுதி, ஆளுக்கொரு வழியில் அனுப்பி, போய்ச்சேர்ந்த இடத்தில் அடுக்கிக்கொள்வார்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது, "பாலம் ஒடஞ்சா சுத்துவழியா போயிடும், அதானே?" என்றார். பெயரைக் கேட்டால் முதல் கணினிக்கு முழு விடையும் தெரியாது, அடுத்துக் கேட்க வேண்டிய இடம் மட்டும்தான் தெரியும் என்றபோது தொடையைத் தட்டினார். முதல் கூடத்துக்கு நாடு தெரிந்தால் போதும், அடுத்த கூடத்துக்கு ஊர், கடைசி ஆளுக்குத்தான் வீடு. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, பாவம்.

தொடக்கக் கதையும் சொன்னாள். இரண்டு ஊர்களில் இரண்டு கணினிகள், நடுவே ஒரு கம்பி. ஒரு சொல்லை அனுப்பத் தொடங்கி இரண்டு எழுத்துப் போனதும் எதிர்ப்பக்கத்துக் கணினி படுத்துவிட்டதாம். பெயர்களெல்லாம் அப்போது ஒரே பட்டியலில் இருந்தன. ஓர் அலுவலகம் அதைப் பார்த்துக்கொண்டது, பெயர் வேண்டுமானால் வேலை நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டால் அங்கே ஒருவர் எடுத்து எழுதிக்கொள்வார்.

"யாராவது எடுப்பாங்களா?" என்றார் அவர்.

"எடுப்பாங்க ஐயா. மனுஷங்கதான்."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலமாக இருந்தால் கூப்பிட்டு, அம்மா, என் பேர் தவறிப்போச்சு, என் பொண்ணு எழுதுவா, கொஞ்சம் பாத்துப் போடுங்க என்று கேட்டிருக்கலாம்.

நாலாம் வாரம், வகுப்பு முடிந்ததும் தங்கி, முழுக் கதையையும் பயிற்சியாளரிடம் சொன்னார். உறையைப் பிரித்ததை மட்டும் விட்டுவிட்டார். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பழைய மெயில் எங்கேயாவது இருக்கா?"

"பெட்டியோட போச்சு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப உங்க பொண்ணு எந்த அட்ரஸ்லேருந்து அனுப்புனாங்கன்னு சொல்லுங்க. அதுக்கு எழுதிப் பாக்கலாம்."

எட்டு வருடம், எட்டுக் கடிதம். ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அனுப்பியவர் விவரம் திரையில் மேலே மூலையில்தான் இருந்திருக்கும், அந்தப் பக்கம் கண் போனதே இல்லை.

பயிற்சியாளர் தன்னால் ஆனதைச் செய்தாள். இப்போது அந்தப் பெயரை வாங்கி வைத்திருப்பவருக்கு எழுதினாள். ஒரு விலை வந்தது, அவள் அதை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டினாள். பெயர் வேண்டாம், 'அப்பா' பெட்டிக்கு வருவதை மட்டும் அனுப்பிவைத்தால் போதும் என்று மறுபடி எழுதினாள். அதே விலை மறுபடி வந்தது. அதற்குப் பின்னால் மனிதர் இருந்தாரா என்பதே சந்தேகம். வழக்குப் போட வழி இருக்கிறதா என்று விதியைப் படித்தார்கள். வணிக முத்திரை வைத்திருப்பவர்கள் போடலாம். விலாசம் என்பது அகராதியில் இருக்கிற சொல், யாருக்கும் சொந்தமில்லை, முதலில் வந்தவருக்கு. நல்ல பெயராக இருந்ததுதான் வினை.

ஐந்தாம் வாரம் அவர் காத்திருந்த பாடம் வந்தது. கையைத் தூக்கினார்.

"சரிம்மா, இதுக்கெல்லாம் மேலதிகாரி யாரு?"

"அப்படி ஒருத்தர் இல்லீங்க ஐயா."

"இல்லன்னா?"

"கம்பி போட்டவங்க ஒருத்தங்க. அதுல எப்படிப் பேசணும்னு விதி எழுதறவங்க வேற. பேரப் பாத்துக்கறவங்க வேற. அரசாங்கங்களும் உக்காந்திருக்கும், கம்பெனிகளும் உக்காந்திருக்கும், சும்மா ஆர்வத்துல வர்றவங்களும் உக்காந்திருப்பாங்க. கூடிப் பேசுவாங்க. பெரும்பாலும் ஒத்துக்கிட்டா அதுதான் முடிவு."

"ஆண்டிங்க கூடி மடம் கட்டுன கதையால்ல இருக்கு!"

"மடத்தக் கட்டிட்டாங்களே ஐயா. அதானே ஆச்சரியம்."

எல்லோரும் சிரித்தார்கள், மின்விசிறிக்காரர்கூட. விலாசம் சிரிக்கவில்லை. அந்த மடத்தில் புகார்ப் புத்தகம் எங்கே தொங்குகிறது என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றாள் பயிற்சியாளர், அது நிஜமும்கூட. பெயர்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு நடத்தும் பொதுக் கூட்டம் அடுத்த வாரம் இருந்தது, திரை வழியே கலந்துகொள்ளலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். அவர் நாலு நாள் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினார். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை, கூடத்து ஆள் எழுதிய குறிப்பு அது. வீடு காலிசெய்தவருக்கு வரும் கடிதத்தை ஒரு வருடமாவது புது முகவரிக்குத் திருப்பிவிடுவது தபாலில் பழைய வழக்கம். பெயர் கைமாறினால் இங்கும் அப்படி ஒரு வருடம் திருப்பிவிடக் கூடாதா? அவர் சொல்லச் சொல்லப் பயிற்சியாளர் மொழிபெயர்த்தாள். தலைமை தாங்கிய அம்மையார் நிஜமாகவே கவனித்துக் கேட்டார். சிந்திக்க வேண்டிய கருத்து என்றார். ஆனால் நாங்கள் பெயரை மட்டும்தான் பார்க்கிறோம், கடிதப் போக்குவரத்து விதி எழுதுகிறவர்களைக் கேளுங்கள் என்று நன்றி சொன்னார். விதி எழுதுகிறவர்களுக்கு எழுதினார்கள். அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். பெயர் கைமாறுவது எங்கள் விஷயம் இல்லை, பெயரைப் பார்க்கிறவர்களைக் கேளுங்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை, சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்த கடைசி வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது, நாலு பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அவர் மேஜையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். திரும்பி வந்தபோது மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம வெளிய போனது இதுக்கா? இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க?"

எத்தனையோ வருடம் கழித்து அவள் ஒரு முழுக் கேள்வி கேட்டிருந்தாள். அவரால் தாங்க முடியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மூன்று அறிவிப்பு, பூட்டிய பெட்டி, விற்பனைப் பலகை, இத்தனை மாதமாகச் சொன்ன பொய், எல்லாம். அந்த அம்மாள் அழவில்லை, கத்தவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்தப் பொட்டிக்கு நீங்களே ஒரு லெட்டர் போட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

பயிற்சியாளர் அவரிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பெட்டிக்கு வருகிற கடிதத்தைப் புது ஆள் சத்தமில்லாமல் விழுங்கிவிடலாம், அல்லது திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பினால் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எது என்று பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

"வாங்க, போட்டுப் பாக்கலாம்" என்று அவள் செருப்பை மாட்டினாள். "யாரு கண்டா, போய்ச் சேருதோ என்னமோ."

பிற்பகல் மூன்று மணி. நூலகத்தில் இரண்டாம் கணினி காலியாக இருந்தது. வகுப்பில் திறந்துகொடுத்த புது மின்னஞ்சலில் நுழைந்து, பெறுநர் இடத்தில் அந்த முகவரியை ஒற்றை விரலால் தட்டினார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "நல்லா இருக்கோம்னு எழுதுங்க" என்றாள் மனைவி. எழுதினார். அனுப்பு என்பதை அழுத்தினார்.

அவர் கையை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். எழுத்து கலங்கியது. மனைவிதான் குனிந்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். அந்த மெயில்காரர்கள் எல்லாவற்றையும் நம் மொழியிலேயே சொல்லக் கற்றிருந்தார்கள்.

"அப்பா... என்று... இந்த முகவரியில்... யாரும் இல்லை. உங்கள் கடிதம்... திருப்பி அனுப்பப்படுகிறது."

விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். பக்கத்துக் கணினியில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த வரியை அனுப்புநர் இடத்திலிருந்து பார்த்தார், வாழ்க்கையில் முதல்முறையாக. எங்கோ ஓர் அறையில், பூனையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது வருடம் கழித்து நீளமாக எழுதி அனுப்பிவிட்டு அவள் இதைத்தான் வாசிப்பாள். வாசித்திருப்பாளோ என்னவோ. பெயர் காலாவதியானது, கைமாறியது, விற்பனைப் பலகை, எதுவும் அவளுக்குத் தெரியாது. அப்பா சொன்னபடியே செய்துவிட்டார் என்றுதான் நினைப்பாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுதான்" என்றாள் மனைவி.

"ஆமா."

"அவ எழுதுனா அவளுக்கும் இதேதான் போகுமா?"

"இதேதான்."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தபாலா இருந்தா ஒரு வாரமாவது ஆகியிருக்கும்" என்றாள்.

நூலக ஊழியர் வந்து, வேலை முடிந்துவிட்டதா, இன்னொருவர் காத்திருக்கிறார் என்றார். விலாசம் எழுந்து இடம் விட்டார்.